கேக் பெட்டி மடித்த வாரம்

"உம்மாட்டச் சொல்லிராதீங்க" என்பதைத்தான் அவர் முதலில் சொன்னார். என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது நான் வேலை செய்யும் முதியோர் இல்லம். பொறுப்பாளரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே எங்களிடம் இருக்கும் ஒரு உம்மாவின் மகள் உட்கார்ந்திருந்தார். பாடசாலை ஆசிரியை. எப்போது வந்தாலும் நிமிர்ந்து உட்காருகிறவர். அன்றைக்கு நாற்காலியின் நுனியில் இருந்தார். முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தும் கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது தெரிந்தது.

"தம்பி மவுத்தாயிட்டான் மிஸ்" என்றார். "சனிக்கிழம. சவூதியில, றூமுல, நித்திரையிலயே. நேத்து ராவைக்கு அங்கயே அடக்கிட்டாங்க."

இன்னாலில்லாஹி என்று சொல்ல என் வாய் திறந்தது. அவர் கையைத் தூக்கிக் கண்ணாடிப் பக்கம் காட்டினார். பொறுப்பாளரின் அறைக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. அந்தப் பக்கம் நீள மேசையில் பத்துப் பதினைந்து பேர் இருந்து கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சக்கர நாற்காலியில் அந்த உம்மா. நாங்கள் பார்ப்பதைக் கண்டுவிட்டு, மடித்து முடித்த ஒரு பெட்டியைத் தூக்கி மகளுக்குக் காட்டினார். மகள் சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பெட்டிகள் என் ஏற்பாடு. இல்லத்தில் என் வேலைக்குப் பெயர் செயற்பாட்டு ஒருங்கிணைப்பாளர். முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்ததால் எல்லோருக்கும் நான் மிஸ்தான், வயதானவர்களுக்கு மட்டும் 'புள்ள'. காலையில் கதிரையில் இருந்தபடியே கைகால் அசைக்கும் பயிற்சி, ஒருநாள் கரம் பலகை, ஒருநாள் பூச்சாடி, ஒருநாள் மருதோண்டி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைக்கும் போன் நேரம் என்று ஒரு கிழமையை நிரப்ப வேண்டும். வயதானவர்களோடு விளையாடச் சம்பளம் தருகிறார்கள் என்று என் சொந்தக்காரர்களே பகிடி பண்ணுவார்கள். ஆனால் நாள் முழுக்கச் சும்மா இருக்கிற மனிதர் எவ்வளவு சீக்கிரம் கட்டிலோடு ஒட்டிப்போவார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உம்மாவின் பேத்திக்கு, இந்த ஆசிரியையின் மகளுக்கு, அடுத்த வியாழக்கிழமை கலியாணம். பேத்திக்குத் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று உம்மா என்னிடம் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கலியாண வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கேக் துண்டு கொடுக்கும் சின்ன அட்டைப் பெட்டிகளை இங்கே மடிக்கலாமா என்று நான்தான் மகளிடம் கேட்டேன். அவரும் சந்தோசப்பட்டு, கட்டுக்கட்டாக ஓட்டோவில் அனுப்பினார். தங்க நிறக் கோடு போட்ட வெள்ளை அட்டை. திங்கட்கிழமை தொடங்கினோம். மண்டபத்தில் அப்படி ஒரு கலகலப்பை நான் அதுவரை கண்டதில்லை. மாப்பிள்ளை எந்த ஊர், பலர் கூடியிருந்து சாப்பிடும் சகன் தட்டு எத்தனை, மகன் லீவில் வருவானா என்று ஆளுக்கொரு கேள்வி. "லீவு கிடைச்சா வாறன் எண்டிரிக்கான்" என்று உம்மா எல்லோருக்கும் சொன்னார். திங்கட்கிழமை அவர் அப்படிச் சொன்னபோது மகன் உயிரோடு இல்லை. எங்களுக்குத் தெரியாது.

"கலியாணம் முடியட்டும் மிஸ்" என்றார் மகள். "மாப்பிளைக்கும் லீவு முடியுது, அடுத்த மாசம் அவர் கட்டாருக்குப் போகணும். மண்டபம் எடுத்து, எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப உம்மாக்குத் தெரிஞ்சா உம்மா விழுந்திருவா. ஆசுபத்திரிக்குத்தான் கொண்டு போகணும். பொறகு நான் எத நிப்பாட்டுற, எத நடத்துற? கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் நானே வந்து சொல்லுறன்."

நான் பொறுப்பாளரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற அதிபர். நல்ல மனிதர்தான். குடும்பங்களோடு பிரச்சினை வந்தால் இல்லத்தின் பேர் கெடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. "குடும்பம் சொல்லுற மாதிரித்தான் நாங்க நடக்கணும் மிஸ்" என்றார். "வெள்ளிக்கிழமை போன் நேரத்த மட்டும் ஒரு மாதிரிச் சமாளிங்க."

"டீச்சர், அவ அவன்ட உம்மா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "எனக்கும் தம்பிதான் மிஸ். சனிக்கிழமையில இருந்து நான் இன்னும் சத்தம் போட்டு அழல்ல. வீட்டுல கலியாணப் புள்ள இரிக்கிறாள்."

எழுந்து மண்டபத்துக்குப் போனேன். உம்மா தன் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்து நானும் பெட்டி மடித்தேன்.

இந்த உம்மா எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணத்தின்போது வீடு கொடுப்பது பெண்பிள்ளைக்குத்தான். உம்மா தன் வீட்டை மகளுக்குக் கொடுத்தார். மகள் அதைத் தன் மகளுக்குக் கொடுக்க வேண்டி வந்தபோது, பழைய வீட்டின் பின்பக்கத்தை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். உடைந்த பக்கத்தில்தான் உம்மாவின் அறை இருந்தது. கட்டடச் சாமானுக்கு நடுவே நடந்து திரிந்தவர் ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தூக்கி இருத்த ஆள் வேண்டும். மகள் பாடசாலைக்குப் போக வேண்டும். வீடு முடியும்வரை என்று இங்கே கொண்டுவந்தார்கள். ஊரில் முதியோர் இல்லம் என்று சொல்ல வெட்கம். உம்மா சாச்சி வீட்டில் நிற்கிறார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வீடு முடிந்து வர்ணமும் பூசியாகிவிட்டது. உம்மா எங்களோடுதான் இருந்தார். அதைப் பற்றி ஒருநாளும் அவர் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பார்.

மகன் கம்பனி ஒன்றில் சாரதி. அங்கே ஜும்ஆ முடிந்து அறைக்கு வரும் நேரம் எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி. இல்லத்துக் கைக்கணினி, நாங்கள் டெப் என்போம், அதன் திரையில் அவன் முகம் வந்ததும் உம்மா முதலில் கேட்பது, என்ன சாப்பிட்டாய் என்பதைத்தான். அவன் சட்டியையே தூக்கிக் காட்டுவான். பிறகு மகனும் உம்மாவும் பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டார்கள். அவன் சாப்பிடுவான், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

புதன்கிழமை காலை, மடிப்பு வேலை தொடங்க முன்னரே, எங்களோடு இருக்கும் ஒரு மாமா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். பழைய பஸ் கண்டக்டர். இல்லத்தில் சொந்தமாக நல்ல போன் வைத்திருக்கும் ஒரே ஆள். பேஸ்புக்கில் யார் எப்போது மவுத்தானார் என்று எங்களுக்கு அறிவிப்பதும் அவர்தான். போனை என் பக்கம் திருப்பினார். மகனின் படம். கீழே துஆக்கள் நிறைந்து கிடந்தன.

"ராத்தாக்குத் தெரியுமா?" என்று கேட்டார். உம்மா அவருக்கு ராத்தா, அக்கா மாதிரி.

இல்லை என்றேன். விசயத்தைச் சொன்னேன். யாரிடமும் கதைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

அவர் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "மிஸ், அவன்ட பொஞ்சாதி மருதமுனையில வீட்டுக்குள்ளயே இத்தாவுல இரிக்கிறா. அங்கால ஊர் முழுக்கத் தெரியும். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு அந்தப் பள்ளியில காயிப் ஜனாஸாத் தொழுகை. எங்களையும் வேன்ல அந்தப் பள்ளிக்குத்தானே கூட்டிப் போற? நான் அவன்ட ஜனாஸாவத் தொழுதுட்டு வந்து, அவக்கு முன்னால இரிந்து கலியாணப் பெட்டி மடிக்கிறதா?"

தூர தேசத்தில் அடக்கப்பட்டவனுக்காக ஊரில் கூடித் தொழப் போகிறார்கள். எங்கள் இல்லத்து ஆண்கள் எல்லோரும் அந்த வரிசையில் நிற்பார்கள். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கண்டக்டர் மாமா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பார்க்க வருகிறவர்கள், சமையல்காரப் பெண், வேன்காரர் என்று எத்தனை வழி. அன்று பத்து மணியளவில் மேசையில் கதை குறைந்தது. ஒருவர் பெட்டியைப் பாதியில் வைத்துவிட்டுத் தலை நோவு என்று எழுந்து போனார். இன்னொருவர் மூடியைத் தலைகீழாக மடித்துக்கொண்டே இருந்தார். உம்மாவுடன் ஒரே அறையில் இருக்கும் மெதடிஸ்த சபை அன்ரி, முன்னர் தையல் படிப்பித்தவர், அவருடைய மடிப்பில் ஒரு சுருக்கம்கூட விழாது. அவர் வாயைத் திறக்காமல் முன்னால் இருந்த அட்டைகளை மட்டும் பார்த்தபடி இருந்தார்.

"என்ன கா எல்லாரும் பள்ளிக்கூடத்துல சோதின எழுதுற மாதிரி இரிக்கீங்க" என்றார் உம்மா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலேயே நின்றது.

மத்தியானத்துக்குப் பிறகு அன்ரி என் மேசைக்கு வந்தார். "மிஸ், எனக்கு வேற அறை தாங்க. ரெண்டு மூண்டு நாளைக்கு."

"ஏன் அன்ரி?"

"நேத்தே எனக்குத் தெரியும் மிஸ். ராவையில அவ மகனப் பத்திக் கதைச்சா. நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து நித்திர மாதிரிக் கிடந்தன். இன்னும் ஒரு ராவைக்கு எனக்கு ஏலாது. என்ட முகத்தப் பார்த்தா அவ கண்டுபிடிச்சிடுவா."

அறை மாற்றினால் அதற்கும் உம்மா காரணம் கேட்பார். மாற்ற வேண்டாம் என்று அன்ரியைச் சமாதானப்படுத்தினேன். அவர் திரும்பிப் போகும்போது, "நீங்க எங்க எல்லாரையும் கொண்டு பொய் சொல்ல வைக்கிறீங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை நான் மடிப்பு வேலையை நிறுத்தினேன். பெட்டிகளை மேசையிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போய்த் துணிப் பந்து எறியும் விளையாட்டு வைத்தேன். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு ஒரு மேசையில் இருக்காமல் விட்டால் போதும் என்று நினைத்தேன். உம்மா பந்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"புள்ள, பெட்டி முடியல்லயே."

"நாளைக்குப் பார்ப்பம் உம்மா. கைக்கு ஆறுதல் வேணும்."

"என்ட கை நல்லாத்தான் இரிக்கி" என்றார். பந்தை எறியவில்லை. கண்டக்டர் மாமாவையும் அன்ரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மற்றவர்களின் பக்கம் திரும்பி அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.

அன்று பின்னேரம் மகள் என் போனுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை அனுப்பினார். அதற்குக் கீழே: 'நாளைக்கு இதப் போடுங்க மிஸ். உம்மா ஒரு கிழமைக்குச் சும்மா இருப்பா.' நான் குசினிக்குப் பின்னால் போய்ப் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். மகனின் குரல். வேலையில் நிற்கிறேன், இன்றைக்குக் கோல் எடுக்கக் கிடைக்காது, கோபிக்க வேண்டாம், துஆச் செய்யுங்கள் என்று நாலு வசனம். எப்போதோ அனுப்பியது. பின்னால் வாகனங்களின் இரைச்சல். நடுவில் ஒருமுறை இருமினான். மண்ணுக்குள் போய் மூன்று நாளான மனிதன், கோபிக்க வேண்டாம் என்று சொல்கிறான். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போயும் ஒரு வேலையும் ஓடவில்லை. மகளின் நிலையில் நானிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். எனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். கலியாணம் நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்கு ஊர் என்ன பேர் வைக்கும் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து முட்டினேன். உம்மா இந்தப் பதிவைக் கேட்டால் சும்மா இருக்க மாட்டார். பதில் சொல்லுவார். அவர் பதில் சொல்லும்போது டெப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவது நான்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம் மகளுக்குக் கோல் எடுத்தேன்.

"டீச்சர், அந்த வொய்ஸ நான் போடமாட்டன்."

"ஏன் மிஸ்?"

"உம்மா அதுக்குப் பதில் சொல்லுவா. அந்தப் பதில நான் எங்க அனுப்புற?"

அவருக்குப் பின்னால் பெண்களின் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டன. கலியாண வீடு.

"நாலு மணிக்கு முன்னம் நீங்க வாங்க" என்றேன். "நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறன். அன்ரி இரிக்கிறா, நேர்ஸ் இரிக்கிறா. உம்மாவ நாங்க பார்த்துக்குவம்."

"இவ்வளவு நாளும் சமாளிச்ச. இன்னும் கொஞ்ச நாள்தானே மிஸ்."

"ஆம்புளைகள் இப்ப ஜனாஸாத் தொழுதுட்டு வரப் போறாங்க டீச்சர். இனிச் சமாளிக்க ஏலா."

"எனக்குச் சொல்ல ஏலா" என்றார். குரல் உடைந்தது. "எனக்கு ஏலா மிஸ். நீங்க உங்கட வேலையப் பாருங்க." கோல் அறுந்தது.

அடுத்த கோல் அவர் பொறுப்பாளருக்குத்தான் எடுத்திருக்க வேண்டும். தன் ஊர்ப் பள்ளியில் ஜும்ஆ முடிந்து வந்த கையோடு பொறுப்பாளர் என்னைத் தேடி வந்தார்.

"இது குடும்பத்து விசயம் மிஸ். நீங்க ஏன் இதுக்குள்ள போற?"

"போன் நேரம் என்ட வேலை சேர்."

"அப்ப உங்கட வேலையச் செய்யுங்க. அதப் போடுங்க."

"மாட்டன் சேர்."

நான் அவருக்கு அப்படி ஒரு சொல் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. கையை நீட்டினார். "டெப்பத் தாங்க. நான் பார்க்கிறன். அந்தப் பதிவையும் எனக்கு அனுப்புங்க." டெப்பைக் கொடுத்தேன், பதிவை அனுப்பவில்லை. மகளே அவருக்கு அனுப்பிவிட்டார்.

வேன் வந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தொப்பியைக் கழற்றாமல் நேரே தங்கள் அறைகளுக்குப் போனார்கள். வழக்கமாக ஜும்ஆ முடிந்து வந்ததும் மண்டபத்தில் பெரிய அரட்டை இருக்கும். கண்டக்டர் மாமா மட்டும் வந்து கடைசிக் கதிரையில் இருந்தார்.

நாலு மணிக்கு முதல் ஆளாக அன்ரி. கனடாவில் இருக்கும் மகளோடு கதைத்தார். அங்கே விடிகாலை. "ஓம் பிள்ள, நல்லா இருக்கிறன்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அதன் பிறகு உம்மாவின் முறை. புதுச் சட்டை, தலையில் நல்ல முக்காடு. பொறுப்பாளர் டெப்பை மேசையில் நிறுத்தினார். நான் சுவரோரம் நின்றேன்.

"இண்டைக்கு மகனுக்கு வேலையாம் உம்மா. வொய்ஸ் அனுப்பியிரிக்கான்" என்று சொல்லி அழுத்தினார்.

குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. வாகன இரைச்சல், நாலு வசனம், நடுவில் இருமல். உம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் முகம் மாறவில்லை. முக்காட்டைச் சரிசெய்தார்.

"இது பழய வொய்ஸ் சேர்."

"இல்ல உம்மா. இப்பதான் வந்த."

"அந்த இருமல் சரியாப் போயித்து சேர். நோன்புக்கு முன்ன வந்த இருமல் அது. அண்டைக்கே மகள்ட போன்ல நான் இத மூணு தரம் போட்டுக் கேட்டிரிக்கன். புதுச வந்திருந்தாப் போடுங்க."

பொறுப்பாளர் டெப்பைப் பார்த்தார். அதற்குள் ஏதாவது இருக்கும் போல விரலால் மேலும் கீழும் தள்ளினார். உம்மா அவரை விட்டுவிட்டுக் கடைசிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க பள்ளியால வந்து ஏன் என்னோட கதைக்கல்ல?"

கண்டக்டர் மாமா எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

உம்மா சக்கர நாற்காலியின் வளையத்தைப் பிடித்துத் தானே தள்ளி, சுவரோரம் நின்ற என் முன்னால் வந்து நிறுத்தினார். அவருக்கு அந்தப் பலம் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

"புள்ள, நீ சொல்லு."

நான் குந்தி, அவர் கையைப் பிடித்தேன். "டீச்சர் வரட்டும் உம்மா. அவ வந்து உங்களோட கதைப்பா."

"நீ சொல்லக் கூடாதெண்டு சொன்னாங்களா?"

"ஓம் உம்மா."

அவர் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. என்ன ஓதினார் என்று கேட்கவில்லை. என் கையை அவர் விடவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது.

மகள் செருப்போடே உள்ளே வந்தார். வீட்டில் உடுத்திருந்த உடுப்போடு, மேலே அபாயாவைப் போட்டுப் பொத்தான்கூடப் பூட்டாமல். கையில் மஞ்சள் கறை. சமைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். எங்களைப் பார்த்தார், மேசையில் நிறுத்தியிருந்த டெப்பைப் பார்த்தார். நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது. உம்மாவின் காலடியில் வந்து விழுந்தார்.

"உம்மா, தம்பி போயிட்டான் உம்மா" என்றார். அதற்குப் பிறகு அழுதார். சனிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. அந்தச் சத்தத்துக்கு அறைகளில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். நேர்ஸ் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஓடி வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

உம்மா விழவில்லை. நாங்கள் எல்லோரும் பயந்தது நடக்கவில்லை. மகளின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணீர் வழிந்து நாடியிலிருந்து சொட்டியது. சத்தம் வரவில்லை. மகளின் அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகுதான் கேட்டார்.

"எப்ப?"

"சனிக்கிழம."

"யாரு குளிப்பாட்டின?"

"அவன்ட கூட்டாளிமார்தான் உம்மா. கனபேர் தொழுதாங்களாம்."

"அடக்கிட்டாங்களா?"

"ஓம் உம்மா. திங்கட்கிழம."

உம்மா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவரின் முகமாகப் பார்த்தார். "திங்கட்கிழம நான் பெட்டி மடிச்சன்" என்றார். பிறகு மகளிடம், "கலியாணத்துக்காகவா கா?"

மகள் தலையை மட்டும் ஆட்டினார்.

"சொந்தத்துல மவுத்துக்குத் துக்கம் மூணு நாள்தானே. எனக்கு இண்டைக்குத்தான் முதல் நாள். ஞாயித்துக்கிழமையோட முடியும். கலியாணம் வியாழக்கிழம." ஒவ்வொன்றையும் விரலில் எண்ணிச் சொன்னார். "என்னட்டக் கேட்டிரிந்தா நானே நடத்தச் சொல்லியிரிப்பன். அவன் உழைச்ச காசிலதானே அந்த வீடும் கட்டின."

தொழுகைக்காக ஒளு எடுக்கத் தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்தேன். அன்ரி வந்து அவருடைய சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டார். அந்தச் சக்கர நாற்காலியிலேயே இருந்து உம்மா தன் மகனுக்காகத் தொழுதார். நாங்கள் பெண்கள் பின்னால் நின்றோம்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கலியாணம் சொன்ன நாளில் நடந்தது. உம்மா போகவில்லை. மகள் மூன்று முறை வந்து கெஞ்சினார், கலியாணப் பிள்ளையே வந்து காலைப் பிடித்தாள். பிள்ளையை அணைத்துத் துஆச் செய்து அனுப்பினார், வர மாட்டேன் என்பதில் மட்டும் அசையவில்லை. மகளோடு கதைப்பதை அவர் நிறுத்தவில்லை. பொறுப்பாளரோடு நிறுத்திவிட்டார். என்னோடும்தான்.

ஒருநாள் காலைப் பயிற்சிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் மெதுவாகச் சொன்னேன்: "உம்மா, நான் அந்த வொய்ஸப் போடமாட்டன் எண்டு சொன்ன ஆள்."

"கேள்விப்பட்டன்" என்றார். "செவ்வாய்க்கிழமையே உனக்குத் தெரியும் எண்டும் கேள்விப்பட்டன். எனக்குப் பக்கத்துல இரிந்து நீயும் பெட்டி மடிச்ச."

அதோடு பேச்சு முடிந்தது. பயிற்சிக்கு வருவார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். இந்த வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொறுப்பாளர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு கூட்டத்தில், யாருடைய வீட்டில் மவுத்து நடந்தாலும் குடும்பத்தார் அடுத்த நாளுக்குள் வந்து சொல்லிவிட வேண்டும், இல்லத்தில் யாரும் மறைக்க உடன்பட மாட்டார்கள் என்று புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நாலு மாதமும் பத்து நாளும் கழிந்து, இத்தா முடிந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, மகனின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். கணவன் இறந்த பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவையாம். மெலிந்த பெண். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். மண்டபத்தில் கரம் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் உம்மாவை முற்றத்து வேப்ப மரத்தடிக்குத் தள்ளிப்போய், கதிரைகள் போட்டுக் கொடுத்தேன். கரம் பலகையை உள்ளறைக்கு மாற்றி, யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

மாமியும் மருமகளும் பின்னேரத்து அசர் தொழுகை வரைக்கும் கதைத்தார்கள். கடைசி வாரம் அவன் என்ன சொன்னான், யாருக்குக் கடைசியாகக் கோல் எடுத்தான் என்று உம்மா கேட்கக் கேட்க அவள் சொன்னாள். இடையிடையே இருவரும் அழுதார்கள். சின்னப் பிள்ளை சக்கர நாற்காலியின் பிறேக்கை இழுத்து இழுத்து விளையாடியது. உம்மா அதைத் தடுக்கவில்லை.

நான் மூன்று கோப்பை தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன். பத்தடி வந்திருப்பேன்.

"புள்ள."

திரும்பினேன். உம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சீனி கூடாதெண்டு உனக்குத் தெரியாதா? இது என்ன சீனிப்பாணியா?"

"வேற போட்டுட்டு வாறன் உம்மா."

"போட்டுட்டு உனக்கும் ஒண்டு எடுத்துட்டு வா. இவ கேட்கிறா, இங்க என்னயெல்லாம் செய்யிற எண்டு. எனக்குச் சொல்லத் தெரியா."

நான் குசினிக்குப் போய்ச் சீனி போடாமல் வேறு தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு, ஒரு கதிரையையும் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.